அம்பிட்டிய பங்களாவில் ஒரு பெயரில்லாத படம்

கண்டிக்குப் போய், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைப் பார்க்காமல் திரும்பி வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிவகாசியில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "பின்னே அங்க என்னத்தத்தான் பாத்த?" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கோபப்பட்டேன். அங்கே இருந்த நாளெல்லாம் அந்தக் கோபத்திலேயே கழிந்தது.

நான் ஓர் அச்சகத்தில் கலர் பார்க்கிறவள். மூலப் படத்தில் இருக்கும் சிவப்பும் காலண்டரில் விழும் சிவப்பும் ஒன்றுதானா என்று சொல்வது என் பிழைப்பு. கண்டிக்கு மேலே அம்பிட்டியவில், பழைய தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் வாழ்ந்த பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் சுவர்களில் தொங்கும் வாட்டர்கலர் படங்களைப் போட்டு அடுத்த வருஷக் காலண்டர் அடித்துத் தரும்படி எங்களிடம் கேட்டிருந்தார்கள். "மாதிரித் தாள எடுத்துட்டு நேர்ல போய் ஒப்பிட்டுட்டு வா. போனமா வந்தமான்னு இருக்கணும்" என்று முதலாளி அனுப்பிவைத்தார். என் வாய் அவருக்குத் தெரியும்.

போய் இறங்கிய காலையிலேயே முதல் சண்டை. கண்டி டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்து டீ கேட்டேன். டீயோடு ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், பட்டீஸ், மீன் அடைத்த பன் என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். "நான் கேட்டேனா இவ்வளவும்?" என்று குரலை உயர்த்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்து, "விரும்பினத மட்டும் சாப்பிடுங்க மிஸ், மிச்சத்த அவங்க எடுத்துக்குவாங்க" என்றார். இந்த ஊர் வழக்கமே அதுதானாம். எங்கள் ஊரில் இப்படித் தட்டை வைத்துவிட்டுப் போனால் தட்டே மிஞ்சாது. வெட்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

ஹோட்டல் அழகாகத்தான் இருந்தது. குறை சொல்ல மாட்டேன். மேனேஜர் பிரகாஷ் கொழும்புத் தமிழர், முப்பது வயசிருக்கும், டை கட்டியிருந்தார். நான் தமிழில் கேட்க, அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்.

படங்களில் முக்கால்வாசி அருவியும் மலையும். துரைமார் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பொழுதுபோகாமல் போட்டவை. அவற்றை ஒப்பிட்டு முடிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. சாப்பாட்டு அறையில் தனியாகத் தொங்கிய கடைசிப் படத்தின் முன்னால்தான் கால் நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் மார்பளவுப் படம். பட்டுப் புடவை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காதில் தொங்கட்டான். கறுத்த, களையான முகம். கீழே பித்தளைச் சட்டத்துக்குள் ஒரு விவரச் சீட்டு: "தேயிலை பறிக்கும் வேலைக்காரப் பெண். வரைந்தவர், பெயர் தெரியாத ஓர் ஆங்கிலச் சீமாட்டி."

"சீமாட்டின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தாள் இங்கிலாந்துத் தாள், மேடம். வீடும் இங்கிலாந்துக்காரர் வீடு. எங்கள் முதலாளி வாங்கும்போது உள்ளே இருந்த சாமான் எல்லாவற்றோடும்தான் வாங்கினார். வேறு யார் வரைந்திருக்கப் போகிறார்கள்?"

அந்த 'வேறு யார்' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. "எங்க அச்சகத்து மிஷின் ஜெர்மனியில செஞ்சது. அதுக்காக எங்க முருகன் காலண்டர ஜெர்மன்காரன் வரைஞ்சான்னு சொல்வீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். மலையில் தனிமையில் வாடிய ஒரு சீமாட்டி தன் வேலைக்காரியைப் பாசத்தோடு வரைந்தாள் என்று விருந்தாளிகளுக்குச் சொல்வார்களாம். போன மாதம் ஒரு தம்பதி அதைக் கேட்டுக் கண் கலங்கினார்களாம். "யாரு சொன்ன கதை அது?" என்றேன். "நாங்களே யோசித்தோம்" என்றார், பெருமையாக.

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. கலர் தெரியும். அந்த முகத்துக்கு வெளிச்சம் மேலேயிருந்து தட்டையாக விழுந்திருந்தது. கண்களுக்கோ பக்கத்து ஜன்னலிலிருந்து வந்திருந்தது. முகம் முப்பது வயசுப் பெண்ணுடையது. கண்ணின் வெள்ளையில் லேசாக நீலம் ஓடியது. அந்த நீலம் சின்னப் பிள்ளைகள் கண்ணில்தான் இருக்கும். இன்னொன்றும் உறுத்தியது. தொங்கட்டான் இரண்டும் கீழே தொங்காமல் காதுக்குப் பின்புறமாகச் சரிந்து கிடந்தன. உட்கார்ந்திருக்கிற பெண்ணின் தொங்கட்டான் எப்படிப் பின்னால் போகும்?

"இடது கண்ணில் இருக்கும் புள்ளி பூஞ்சணம். அச்சில் எடுத்துவிடுங்கள்" என்றார் மேனேஜர். லென்ஸை வைத்துப் பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. வெள்ளையில், கருவிழிக்குப் பக்கத்தில், தூரிகை நுனியால் வேண்டுமென்றே வைத்த பழுப்பு நிறம். "இது வரைஞ்சவங்க வச்சது. நான் எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் நேரே எங்கள் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். சாயந்திரம் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "ஏம்மா, நீ கலர் பாக்கப் போனியா, ஊர் வம்புக்குப் போனியா?"

மறுநாள் அந்தப் படத்தின் மாதிரித் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினேன். பழைய படங்களைப் பற்றித் தெரிந்த யாராவது அகப்படாமலா போவார்கள் என்று ஒரு நினைப்பு. பஸ்ஸில் ஜன்னல் சட்டர் இறங்க மாட்டேன் என்றது. மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வரும், அதுவும் எப்போதாவது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றுகிறது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி தன் குடையைப் பஸ்ஸுக்குள்ளேயே விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். கண்டக்டர் திட்டினார், அவர் திருப்பித் திட்டினார். என்ன திட்டினார் என்று பின்சீட்டுக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "ஜன்னலைச் சரி பண்ணு, அப்புறம் குடையை மடக்குகிறேன்." அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அப்படியும் தாள் நனைந்துபோயிற்று. மார்க்கெட் பக்கம் பிரேம் போடும் கடை ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காயவைத்துத் தருகிறீர்களா என்று கேட்டு நுழைந்தேன். கடைக்காரர் ஜுனைத் நானா. நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். தாளை விரித்தவர் அப்படியே குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது ஹயாத்தா இரிக்கிற ஆளப் பார்த்து வரஞ்சது இல்ல. மய்யித்தப் பார்த்து வரஞ்சது."

"பிணத்தையா?" என்றேன்.

"பிணத்த எடுத்த போட்டோவ. தோட்டத்து ஆக்களுக்கு அந்தக் காலத்துல போட்டோ எங்க? ஆயுசுக்கும் ஒரே ஒரு போட்டோதான், பெட்டிக்குள்ள வச்சு, சுத்திவர சொந்தக்காரங்க நின்டு எடுக்கிறது. அத வீட்டுல மாட்ட மனசு வருமா? ஒரு மாஸ்டர் இருந்தாரு, அவர்ட்ட குடுத்தா உசிரோட இரிக்கிற மாதிரி கலர்ல வரஞ்சு குடுப்பாரு. வாப்பாட காலத்துல எங்க கடைக்குத்தான் பிரேம் போட வரும்."

தொங்கட்டான் ஏன் பின்னால் சரிந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் உட்கார்ந்திருக்கவில்லை. தலையணையில் படுத்திருந்தாள். மாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார், உட்காரவும் வைத்துவிட்டார், தொங்கட்டானை மட்டும் போட்டோவில் பார்த்தபடியே போட்டுவிட்டார். அந்தப் பெண்ணைத்தான் சீமாட்டி முன்னால் வேலைக்காரியாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"மாஸ்டர் பேரு என்ன நானா?"

"வாப்பா மாஸ்டர்னுதான் சொல்லுவாரு. பேரு எனக்குத் தெரியா. கெலிஓயால செபமாலை அக்காட வீட்டுல இதே மாதிரி ஒன்டு தொங்குது. கண்ணாடி மாத்த நான்தான் போனேன். கோயில்கிட்ட கேட்டா காட்டுவாங்க." தாள் காயும்வரை என்னை விடவில்லை. பால் விடாத பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்ச வேண்டும் என்று அவரே செய்து காட்டினார்.

அடுத்த நாள் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கம்பளை பஸ் ஏறினேன். கெலிஓயா வந்தால் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லி வைத்தேன். தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி. கம்பளையில்தான் என்னை இறக்கிவிட்டார். "நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார். தூங்கினால் எழுப்ப மாட்டார்களா? திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தேன்.

செபமாலை அக்காவுக்கு எழுபது தாண்டியிருக்கும். கண்டியில் ஒரு லோயர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வக்கீலை அங்கே லோயர் என்கிறார்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவை, தடித்த கண்ணாடி, சின்ன வீடு. வாசலிலேயே பஸ்ஸில் பட்ட பாட்டைச் சொன்னேன்; நான் யார், என்ன என்று கேட்பதற்குள் பாண் என்கிற பிரெட்டும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் வந்துவிட்டன. "மொதல்ல சாப்புடுங்க தங்கச்சி. கம்பளைக்கு இழுத்துட்டுப் போயிட்டானா? அவனுங்க அப்படித்தான்." அந்தச் சம்பலின் உறைப்பில் என் கோபமே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

சுவரில் ஓர் ஆணின் படம் இருந்தது. அதே தட்டை வெளிச்சம், அதே ஜன்னல் பக்கத்துக் கண்.

"எங்கப்பா" என்றார் அக்கா. "செத்தவங்க கண்ணு மூடித்தானே இருக்கும்? அதனால அவங்க வயித்துப் பிள்ளைய முன்னுக்கு உக்கார வச்சுக் கண்ணு எடுப்பாரு மாஸ்டர். அப்பாவுக்குத் தம்பி உக்காந்தான். பொறகு அவன் இந்தியாவுக்குப் போயிட்டான். அப்பா செவுத்துல இருக்காரு, அவரு கண்ணு கொடைக்கானல்ல இருக்கு."

நான் மாதிரித் தாளை மேசையில் விரித்தேன்.

அக்கா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். தாளுக்குக் கிட்டத்தில் குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய இடது கண்ணில், வெள்ளையில், கருவிழிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு மச்சம் இருந்தது.

"எங்கம்மா" என்றார். "மரியாயி. இது என்னோட கண்ணு."

எனக்குத்தான் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார். அம்மா சாகும்போது அவர் சின்னப் பிள்ளை. மாஸ்டர் பெயர் சூசை. கெலிஓயாக்காரர். கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவை ஜன்னலோரம் ஒரு கதிரையில் உட்காரவைத்தாராம்.

"சிரிக்காத, அழாத, ஒங்கம்மா ஒன்னயப் பாக்கிற மாதிரி என்னயப் பாருன்னாரு. எனக்கு எப்படிப் பாக்கிறதுன்னு தெரியல தங்கச்சி. அம்மா எப்படிப் பாப்பாங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். மச்சத்த விட்டுருங்க மாஸ்டர், அம்மாவுக்கு மச்சம் இல்லயேன்னு அப்பா சொன்னாரு. கண்டதத்தான் போடுவேன்னுட்டாரு மாஸ்டர்."

"ஏன் கையெழுத்துப் போடல?"

"செத்தவங்க படத்துல தன் பேரு போட மாட்டாரு. அது அவங்களோட படம்னு சொல்லுவாரு."

படம் எப்படிப் பங்களாவுக்குப் போயிற்று என்று கேட்டேன். தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்த காலத்தில் கணக்கப்பிள்ளை வந்தாராம். துரை வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், காட்டிவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போனாராம். படம் திரும்பி வரவே இல்லை. அப்பா இரண்டு தடவை போய் வாசலில் நின்றார். மூன்றாம் தடவை போனால் வேலை போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் வைத்து எடுத்த போட்டோ பின்னால் வந்த இனக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயிற்று. அப்புறம் அக்காவுக்கு அம்மாவின் முகமே இல்லை.

"அந்த முகத்த காலண்டர்ல மே மாசத்துக்குப் போட்டு, வெள்ளைக்காரி வரைஞ்ச வேலைக்காரின்னு ஊரெல்லாம் மாட்டப் போறாங்கக்கா" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கத்தாதீங்க" என்றார் அக்கா. "நாளைக்குப் போவோம்."

மறுநாள் குடையும் ஹேண்ட்பேக்குமாக வந்தார். ஹோட்டல் வாசலில் காவலாளி எங்களைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னார். பின்வாசலில் காத்திருந்தோம். மேனேஜர் வந்து, கேட்டுக்கொண்டு, மேலிடத்தில் சொல்கிறேன், நிபுணர்கள் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் இழுத்தார். சீமாட்டியைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரைக் கூப்பிட்டீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

சாப்பாட்டு அறையில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மேசையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். படத்துக்கு நேர் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் ஓடினார். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. "அம்மா, இது கெஸ்ட் சாப்பிடுற இடம்."

"நானும் கெஸ்ட்டுதான் தம்பி. எனக்கொரு பிளேன்டீ கொண்டு வரச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம் இப்படி இருக்கப் போறீங்க?"

"எங்கம்மாவ வரைஞ்சவரு பேர எழுதுற வரைக்கும்."

கைபிடித்து எழுப்பவா முடியும், அத்தனை பேர் பார்க்கும்போது? பக்கத்து மேசையிலிருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, என்ன விஷயம் என்று கேட்டார். நிபுணர்கள் பார்க்க வேண்டுமாம் என்பதையும் சேர்த்து அக்கா இங்கிலீஷில் சொன்னார். லோயர் ஆபீஸ் இங்கிலீஷ், மேனேஜருடையதைவிடச் சுத்தம். அந்தப் பெண்மணி எழுந்து வந்து, அனுமதி கேட்டு, அக்காவின் கண்ணைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணைப் பார்த்தார். "இதற்கு நிபுணர் எதற்கு?" என்றார் மேனேஜரிடம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். கரண்டிச் சத்தமே நின்றுபோயிற்று. போன மாதம் கண் கலங்கிய தம்பதி இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணினார். வெகுநேரம் பண்ணினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேப்பர். "வரைந்தவர், சூசை என்ற தோட்டத் தொழிலாளி என்று நம்பப்படுகிறது" என்று இங்கிலீஷில் இருந்தது. அக்கா பேனாவை எடுத்தார். 'தோட்டத் தொழிலாளி'யை அடித்தார். "அவரு ஸ்டூடியோ மாஸ்டர்." 'நம்பப்படுகிறது' என்பதையும் அடித்தார். "நான் நம்பல தம்பி. நான் உக்காந்திருந்தேன்."

பிறகு அவரே சொல்லச் சொல்ல மேனேஜர் எழுதினார். வரைந்தவர் கெலிஓயா சூசை மாஸ்டர். படத்திலிருப்பவர் மரியாயி. அவர் இறந்தபின், மகள் செபமாலையின் கண்களைப் பார்த்து வரைந்தது. பெட்டியில் வைத்து எடுத்த போட்டோவைப் பற்றியும் ஒரு வரி. புதுச் சீட்டு அச்சாகி வந்து பித்தளைச் சட்டத்துக்குள் ஏறும்வரை அக்கா கதிரையை விட்டு எழவில்லை. எழுந்தபோது, "ஹோட்டல் முத்திரை வச்சு, கையெழுத்துப் போட்டு எனக்கொரு கொப்பி குடுங்க" என்றார். தொல்லை விட்டால் போதும் என்று மேனேஜர் அந்த நகலைப் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பவும் செய்தார்.

எனக்குக் கோபம் தணியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா மேலேயே திரும்பியது. "பேரு போட்டாச்சு, சரி. ஒங்கம்மா படத்த ஒரு வார்த்த கேக்கலயேக்கா. அவங்க செவுத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களே."

அக்கா ஹேண்ட்பேக்கைத் திறந்து கொப்பியை மடித்து உள்ளே வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார்.

"இன்னைக்குக் கேட்டிருந்தா, இது ஒங்க சாமான்னு என்ன சாட்சின்னு கேட்டிருப்பாங்க. எத்தன கேஸ் டைப் பண்ணியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்ப அது எங்கம்மான்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க" என்றார். "நாளைக்கு நீங்களும் வாங்க தங்கச்சி. அம்மாவத் தூக்கிட்டு வர இன்னொரு ஆள் வேணும்."